காதில் எண்ணெய் ஊற்றும் முன்: இ.என்.டி. டாக்டர் இல்லாத ஊரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காது, மூக்கு, தொண்டைக்கென்று தனி டாக்டர் பெரும்பாலும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலோ மருத்துவக் கல்லூரியிலோதான் இருப்பார். பஸ் பிடித்துப் போய், ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று காட்டிவிட்டு வருவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் முதலில் வீட்டிலேயே ஏதாவது செய்து பார்ப்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் செய்யக்கூடியதை விட்டுவிட்டுச் செய்யக்கூடாததைத்தான் பலரும் செய்கிறோம்.

சீழ் வடியும் காதையே எடுத்துக்கொள்வோம். "பிள்ளைங்களுக்குக் காதுல சீழ் வர்றது சகஜம், வளர்ந்தா தன்னால நின்னுடும்" என்பார்கள். பாட்டிகள் மட்டுமல்ல, படித்தவர்களும்தான். சளி பிடித்துக் காது வலித்து, செவிப்பறை கிழிந்து வரும் சீழ் சில நாளில் நின்று ஓட்டையும் மூடிக்கொள்வது உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் வடிந்தால் அது நாள்பட்ட சீழ், கேட்கும் திறனை மெல்ல அரித்துவிடும். 'பாடத்தைக் கவனிக்கவே மாட்டேங்கிறான்' என்று திட்டு வாங்கும் பையன்களில் சிலருக்குக் கோளாறு காதில்தான். பிள்ளைகளுக்கு வரும் காது கேளாமையில் ஏறத்தாழ 60 சதவீதம் தடுத்திருக்கக் கூடியதே என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்தக் காதில்தான் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், துளசிச் சாறு, தாய்ப்பால் என்று எல்லாம் ஊற்றப்படுகிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஊற்றியது நேரே நடுக்காதுக்குப் போகும். ஈரம் தங்கிய காதில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்தால் அரிக்கும். அரித்தால் ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி, பைக் சாவி வரை உள்ளே போகும். பட்ஸ் மட்டும் பத்திரமா என்றால் அதுவும் இல்லை. குரும்பி எனும் காது அழுக்கு தானாக வெளியே வரக்கூடியது, பட்ஸ் அதை உள்ளே தள்ளிக் கெட்டிப்படுத்திவிடும்.

சீழ்க் காதுக்கு வேண்டியது எண்ணெய் அல்ல, உலர்ந்த காது. சுத்தமான பழைய பருத்தித் துணியையோ கெட்டியான டிஷ்யூ தாளையோ விளக்குக்குத் திரிப்பது போலத் திரியுங்கள். உள்ளே குச்சி எதுவும் கூடாது. காது மடலைப் பின்னால் இழுத்துப் பிடித்து, திரியை மெதுவாக உள்ளே விட்டுச் சற்றுப் பொறுங்கள். நனைந்ததும் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த திரி. திரி காய்ந்து வரும்வரை இதைச் செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. டாக்டர் சொட்டு மருந்து எழுதியிருந்தால் அதைத் துடைத்த பிறகுதான் விட வேண்டும். சீழ் நிறைந்திருக்கும்போது விட்டால் மருந்து புண்ணுக்குப் போய்ச் சேராது. மருந்து பாட்டிலைச் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்திருந்து, குளிர்ச்சி போனபின் விட்டால் தலை சுற்றாது. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சால் காதை அடைத்துக்கொள்ளலாம். கிணற்றிலும் கண்மாயிலும் குதிப்பதைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிட வேண்டியதுதான்.

"காதுக்கு ஒரு டிராப்ஸ் குடுங்க" என்று மெடிக்கலில் கேட்டு வாங்குவது அடுத்த தவறு. ஜென்டமைசின், நியோமைசின் கலந்த சொட்டு மருந்துகள் ஓட்டை வழியாக உள்காது வரை போனால் கேட்கும் திறனையே பாதிக்கக்கூடும். ஓட்டையுள்ள காதுக்குப் பொதுவாக எழுதப்படுவது சிப்ரோஃப்ளாக்சசின் வகை. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரே பார்த்து எழுதித் தரக்கூடியதுதான், இதற்காக நகரத்துக்கு ஓட வேண்டியதில்லை. ஓட வேண்டிய நேரம் வேறு. காதுக்குப் பின்னால் வீங்கி வலிப்பது, வாய் ஒரு பக்கம் கோணுவது, காய்ச்சலோடு கடும் தலைவலியும் வாந்தியும் வருவது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. சீழ் கொஞ்சமாக, ஆனால் அழுகிய நாற்றத்தோடு மாதக்கணக்கில் வருகிறதென்றால் அது எலும்பை அரிக்கும் வகையாக இருக்கலாம். அதற்கு ஆபரேஷன்தான் வழி.

எண்ணெய்க்கு ஒரே ஒரு நல்ல வேலை உண்டு. உயிருள்ள பூச்சி காதுக்குள் போய்விட்டால், அந்தக் காதில் ஏற்கெனவே சீழோ ஓட்டையோ இல்லையென்றால், சூடில்லாத தேங்காய் எண்ணெயைச் சில சொட்டு விடலாம். பூச்சி செத்துவிடும், பிறகு டாக்டரிடம் காட்டி எடுத்துக்கொள்ளலாம். பயறோ புளியங்கொட்டையோ போயிருந்தால் தண்ணீர் விடக்கூடாது, ஊறி உப்பிக்கொள்ளும். குச்சியால் நோண்டவும் கூடாது.

காதுக்குள் போன பூச்சியும் பயறும் ஒரு நாள் பொறுக்கும். பொறுக்காதது பட்டன் பேட்டரி. விளக்கெரியும் பொம்மை, ரிமோட், வாட்ச்சிலிருந்து கழன்றதைப் பிள்ளை மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால் சில மணி நேரத்திலேயே சதை வெந்து ஓட்டை விழும். சொட்டு மருந்து, எண்ணெய், தண்ணீர் எதுவும் விடாமல் உடனே கிளம்புங்கள். விழுங்கிவிட்டால் அதைவிட அவசரம், 108ஐக் கூப்பிடுங்கள். சின்னப் பிள்ளைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் சளி மருந்து கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். உள்ளே என்னவோ மாட்டியிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு வாயால் ஊதுவது இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகி ஐ.சி.யூ.வில் சேர்த்த குழந்தைகள் உண்டு. 'தொக்கம்' எடுக்கிறேன் என்று தொண்டையில் விரல் விடுவதும் ஊதுவதும் இதே ரகம். பால் கக்கும் குழந்தைக்குத் தொண்டையில் எதுவும் சிக்கியிருப்பதில்லை. வெளியே எடுத்துக் காட்டும் பொருள் எங்கிருந்து வந்தது என்பது எடுத்தவருக்குத்தான் வெளிச்சம்.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள், ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். குனிந்து உட்கார்ந்து, எலும்பை அல்ல, மெத்தென்ற நுனிப்பக்கத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். நடுவில் திறந்து பார்க்கும் ஆசைதான் பாதிப் பேருக்குத் தோல்வி. தொண்டையில் மீன் முள் குத்தினால் சோற்று உருண்டை, வாழைப்பழம் வேண்டாம், முள் இன்னும் ஆழமாக இறங்கக்கூடும். மூக்கடைப்புச் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும். புகையிலை, பாக்கு போடுகிறவருக்கு மூன்று வாரமாகக் குரல் கம்மியிருந்தால் அதைச் 'சூடு' என்று விட்டுவிடாதீர்கள்.

காசு கேட்காமல் பெரிய நஷ்டம் வைப்பது இன்னொன்று. பிள்ளைக்கு ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தை வரவில்லை, பின்னாலிருந்து தட்டைத் தட்டினாலும் திரும்பவில்லை. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று காத்திருக்கிறோம். பிறவியிலேயே கேட்காத பிள்ளைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட், அதாவது கேட்க உதவும் கருவியை உள்காதில் பொருத்தும் ஆபரேஷன் உண்டு, ஆனால் ஆறு வயதுக்குள். பேச்சு நன்றாக வர மூன்று வயதுக்குள் நடந்தால் இன்னும் நல்லது. அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடமோ கிராமச் செவிலியரிடமோ சொன்னால் செவித்திறன் பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள். போகும்போது ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றையும் கையோடு கொண்டு போங்கள்.