தசை உணரியின் துணையோடு பயிற்சி செய்வது எப்படி?

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில நாட்களில், தொடையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னால் பலராலும் அதைச் செய்ய முடிவதில்லை. மனம் இறுக்கச் சொல்கிறது, தொடையோ கேட்பதில்லை. தசைக்கும் அதன் நரம்புக்கும் பெரும்பாலும் பழுதேதும் இருக்காது. வீங்கிய மூட்டிலிருந்து புறப்படும் நரம்புச் செய்திகள், தண்டுவடத்திலேயே தொடையின் முன்புறத் தசையை அடக்கி வைத்துவிடுகின்றன. இந்த நிலையில் தோலின் மேல் ஒட்டப்படும் ஒரு சிறிய தசை உணரி, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய இறுக்கத்தைக்கூடத் திரையில் ஒரு கோடாக உயர்த்திக் காட்டும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் பலர் தங்கள் தசையை மீண்டும் கண்டுபிடிக்கிறார்கள்.

இந்தக் கருவி அளப்பது வலிமையை அன்று. தசையிழைகள் சுருங்கும்போது அவற்றில் ஓடும் மின்னழுத்த மாற்றத்தையே அது தோலின் வழியாகப் படிக்கிறது. அது சில மைக்ரோவோல்ட்டுகளிலிருந்து சில மில்லிவோல்ட்டுகள் வரை மட்டுமே இருக்கும். தசை அனுப்பும் இந்த மின்சைகை, அதாவது மின்குறிப்பு, இவ்வளவு நுண்ணியது என்பதால், ஒட்டும் விதத்தில் நேரும் சிறு பிழையும் அளவைக் கெடுத்துவிடும். ஆகவே பயிற்சியைவிட அதற்கு முந்தைய பத்து நிமிடங்களுக்கே நான் அதிக முக்கியத்துவம் தருவேன்.

வாங்கும்போது, அது உண்மையிலேயே தசையின் மின்குறிப்பைப் படிக்கும் கருவிதானா என்று பாருங்கள். அசைவை மட்டும் அளக்கும் பட்டைகளும் இதே பெயரில் விற்பனைக்கு வருகின்றன. தசைக்குறிப்பின் அதிர்வெண் ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸ் வரை செல்வதால், நொடிக்கு 1000 முறையாவது அளவெடுக்கும் கருவியே நம்பத்தக்கது.

ஒட்டவேண்டிய இடத்தில் முடி இருந்தால் மழித்துவிட்டு, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தோல் லேசாகச் சிவக்கும்வரை துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். தைலமோ களிம்போ பூசிய தோலில், உணரியில் தோலைத் தொட்டு மின்குறிப்பைப் படிக்கும் பகுதியான மின்முனை சரியாகப் பிடிக்காது. இரண்டு மின்முனைகளும் தசையிழைகள் ஓடும் திசையிலேயே, மையத்துக்கு மையம் சுமார் 20 மில்லிமீட்டர் இடைவெளியில் அமையவேண்டும் என்பது ஐரோப்பிய ஆய்வாளர்கள் வகுத்த செனியம் வழிகாட்டுதலின் பரிந்துரை. தசைநாணின் மேலோ தசையின் ஓரத்திலோ ஒட்டினால் குறிப்பு மங்கிவிடும். ஓரத்தில் ஒட்டும்போது பக்கத்துத் தசையின் குறிப்பும் கலந்துவிடும். மூன்றாவதாக ஒரு பொது மின்முனை இருந்தால், அதை முழங்கால் சில்லு போன்ற எலும்புப் பகுதியில் ஒட்டுங்கள். எல்லாம் முடிந்ததும், உணரியின் ஓரங்களைத் தோலில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். நாளை இரண்டு விரற்கடை தள்ளி ஒட்டிவிட்டால், இன்றைய எண்ணும் நாளைய எண்ணும் ஒன்றோடொன்று ஒப்பிடத் தகாதவை ஆகிவிடும்.

அடுத்து, கோட்டைச் சோதியுங்கள். உடலைத் தளர்த்திப் படுத்திருக்கும்போது அது அடித்தளத்தில் அமைதியாகக் கிடக்கவேண்டும். அப்போதும் ஒரே சீராக அதிர்ந்துகொண்டிருந்தால், மின்முனை தோலில் சரியாகப் பதியவில்லை, அல்லது அருகிலுள்ள சார்ஜரின் மின்இரைச்சல் கலக்கிறது என்று பொருள். உணரியை விரலால் மெல்லத் தட்டும்போது கோடு துள்ளினால், நடக்கும்போதும் அப்படித் துள்ளும் என்பதால், உணரியைப் பிடித்திருக்கும் பட்டையை இன்னும் இறுக்கமாகக் கட்டவேண்டும். மார்பிலும் முதுகிலும் ஒட்டும்போது சீரான இடைவெளியில் எழும் கூர்முனைகள் உங்கள் இதயத் துடிப்பே, தசையின் வேலையல்ல.

மைக்ரோவோல்ட் எண்ணுக்குத் தனியே பொருளில்லை. தோலுக்கடியில் உள்ள கொழுப்பின் தடிமனைப் பொறுத்து அது ஆளுக்கு ஆள் மாறும். எனவே முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். காயமில்லாதவர்கள், அந்தத் தசையை முழு வலுவோடு மூன்று முதல் ஐந்து நொடிகள் இறுக்கி, இடையிடையே நன்கு ஓய்வெடுத்து, மூன்று முறை செய்து பார்த்து, அதில் கிடைக்கும் உச்ச அளவை நூறு விழுக்காடாகக் கொள்ளலாம். அறுவை சிகிச்சையிலிருந்தோ காயத்திலிருந்தோ மீண்டுவருபவர்கள் இதைச் செய்யவே கூடாது. இயன்முறை மருத்துவர் அனுமதிக்கும் ஓர் எளிய, வலியில்லாத இறுக்கத்தையே தங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளவேண்டும்.

இப்போது தொடைப் பயிற்சிக்கு வருவோம். காலை நீட்டி அமர்ந்து, ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து, அதை நசுக்குவதுபோல முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். முதல் சில முயற்சிகளில் பிட்டம் மட்டும் இறுகிக் கோடு அசையாமல் கிடக்கலாம். அப்போது முழங்கால் சில்லை இடுப்பை நோக்கி இழுப்பதாக எண்ணிக்கொண்டு மீண்டும் செய்யுங்கள். கோடு சற்றே எழும் அந்த நொடியில் தொடை எப்படி உணர்கிறது என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஐந்து நொடி பிடித்துவிட்டு, கோடு அடித்தளத்துக்குத் திரும்பும்வரை காத்திருந்தே அடுத்ததைத் தொடங்குங்கள். செயலியில் வைக்கும் இலக்குக் கோடு, பத்து முயற்சிகளில் ஏழெட்டில் எட்டக்கூடிய உயரத்தில் இருக்கட்டும். அதற்குமேல் வைத்தால் மூச்சை அடக்கி உடல் முழுவதையும் முறுக்கும் பழக்கம்தான் வளரும்.

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள ட்ரபீசியஸ் தசையின் மேற்பகுதிக்கு இதன் நேரெதிரான பயிற்சி தேவைப்படும். கையை உயர்த்தும்போது அது அளவுக்கு மீறி இறுகுவதைக் குறைப்பதே அங்கே நோக்கம். திரையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பினாலே அந்தத் தசை வேலை செய்யத் தொடங்கிவிடும் என்பதால், எல்லையைத் தாண்டும்போது ஒலிக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. தசை களைக்கும்போது, அதே எடையைப் பிடித்திருந்தாலும் கோடு மேலேறும். மூளை கூடுதல் தசையிழைகளைத் துணைக்கு அழைப்பதும் அதற்கொரு காரணம். அதை முன்னேற்றம் என்று எண்ணித் தொடர்ந்து உழைப்பவர்களைப் பற்றி எனக்கு மிகுந்த கவலை உண்டு. கோடு ஏற ஏற அசைவு தடுமாறினால், அன்றைய பயிற்சியை நிறுத்திவிடுங்கள்.

கனடாவைச் சேர்ந்த உடற்கூறியல் அறிஞர் ஜான் பாஸ்மாஜியன், தசையின் மின்குறிப்பைக் கண்ணாலும் காதாலும் அறியச் செய்தால், தசையின் மிகச் சிறிய ஒற்றை இயக்க அலகைக்கூட, அதாவது ஒரே நரம்பணு இயக்கும் தசையிழைகளின் தொகுதியைக்கூட, மனிதர் தம் விருப்பப்படி இயக்கக் கற்றுக்கொள்வார்கள் என்று 1963-இல் காட்டினார். ஆனால் ஒவ்வொரு முயற்சிக்கும் விடை கிடைத்துக்கொண்டே இருந்தால், கற்பவர் அதையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்வார் என்று அசைவுகளைக் கற்பது பற்றி ஆராய்ந்த சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் ஆகிய மூவரும் 1984-இல் சுட்டிக்காட்டினார்கள். இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தவேண்டும். முதல் வாரத்தில் ஒவ்வொரு முறையும் திரையைப் பாருங்கள். பிறகு கண்ணை மூடி இறுக்கி, எவ்வளவு விழுக்காடு வந்திருக்கும் என்று நீங்களே வாய்விட்டுச் சொன்னபின் கண்ணைத் திறந்து சரிபாருங்கள். உங்கள் மதிப்பீடும் திரையின் அளவும் நெருங்கிவரும்போது, பத்துக்கு மூன்று முறையும், பின்னர் பயிற்சியின் இறுதியில் ஒரே ஒரு முறையும் பார்த்தால் போதும்.

புண்ணின் மேலோ தையலின் மேலோ உணரியை ஒட்டாதீர்கள்; சார்ஜரில் இணைத்திருக்கும்போது அணியாதீர்கள். சில கருவிகள் அளப்பதோடு தசைக்கு மின்தூண்டலும் தரும் என்பதால், இதயமுடுக்கி பொருத்தியவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அவற்றைத் தொடக்கூடாது. ஒட்டிய இடம் அரித்துச் சிவந்து மறுநாளும் அப்படியே இருந்தால், வேறு வகைப் பசைக்கு மாறுங்கள்.

சில வாரங்களில் உணரியை கழற்றிவைத்துவிட்டு, மருத்துவர் அனுமதித்திருந்தால், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒரே ஒரு படி ஏறிப் பாருங்கள். மற்றொரு கையைத் தொடையின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். பாதம் படியில் ஊன்றும் அதே கணத்தில் உள்ளங்கைக்குக் கீழே தசை இறுகுவது தெரியவேண்டும்.