ஓட்ஸ் பெட்டியைக் கிழித்துப் பாருங்கள்

அட்டைப் பெட்டியில் வரும் ஓட்ஸ், கார்ன்ஃப்ளேக்ஸ், பாஸ்தா எதுவானாலும் வாங்கி வந்த அன்றே கண்ணாடி பாட்டிலுக்கோ எவர்சில்வர் டப்பாவுக்கோ மாற்றிவிடுங்கள். பெட்டியின் ஓரத்தைக் கொஞ்சம் கிழித்துப் பார்த்தால், உள்ளே சாம்பல் நிறமாக இருந்தால் அது பெரும்பாலும் மறுசுழற்சி அட்டைதான்.

அந்த அட்டையில் பழைய செய்தித்தாள் நிறையக் கலந்திருக்கும். அச்சு மையில் உள்ள கனிம எண்ணெய், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய், மறுசுழற்சியில் கூழாக்கிக் கழுவினாலும் முழுதாகப் போவதில்லை. அறை வெப்பத்திலேயே மெல்ல ஆவியாகி உணவில் ஏறிவிடும். அட்டை உணவைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. உள்ளே பிளாஸ்டிக் பை இருக்கிறதே என்று கேட்கலாம். மெல்லிய பாலித்தீன் இந்த ஆவியை அவ்வளவாகத் தடுக்காது. நாள் ஆக ஆகச் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், தள்ளுபடியில் மூன்று நான்கு பெட்டி வாங்கி அடுக்குபவர்களுக்குத்தான் இது முக்கியம்.

உள்பை அலுமினிய ஃபாயிலாக இருந்தால் மாற்ற வேண்டியதில்லை, அது ஆவியை விடாது. ஃப்ரீசரில் வைக்கும் பொருளுக்கும் அவசரமில்லை. குளிரில் ஆவியாவது மிகவும் குறைவு. ஆனால் கடையிலும் கிடங்கிலும் இருந்தபோதே ஏறிவிட்டதை எந்த டப்பாவாலும் எடுக்க முடியாது, அதனால் பேக் செய்த தேதி அண்மையில் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

செய்தித்தாளில் மடித்த சூடான பஜ்ஜிக்கு இந்த யோசனை உதவாது. எண்ணெயும் சூடும் மையை உடனே இழுத்துவிடும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பேக்கேஜிங் விதிகளும் செய்தித்தாளில் பொதிவதைத் தடை செய்கின்றன. வாழையிலையில் கேளுங்கள், இல்லையென்றால் டப்பாவை நீட்டுங்கள்.