குறிக்கோளை எழுதும் முன் ஜெபம்: நெகேமியாவிடம் கற்றுக்கொண்ட படிகள்

புதுவருட ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும், ஒரு நோட்டில் அந்த வருடத்துக்கான இலக்குகளை எழுதுவது பல வருடங்களாக என் வழக்கம். எழுதி முடித்தபின், "ஆண்டவரே, இதையெல்லாம் ஆசீர்வதியும்" என்று ஒரு வரி ஜெபம். மார்ச் மாதத்துக்குள் அந்த நோட்டு எங்கே என்றே தெரியாது.

வேதாகமத்தில் நெகேமியா புத்தகத்தின் முதல் ஆறு அதிகாரங்களை நிதானமாகப் படித்தபோதுதான் என் வரிசையே தலைகீழ் என்று புரிந்தது. நெகேமியா கி.மு. 445 வாக்கில் பாரசீக ராஜா அர்தசஷ்டாவுக்குப் பானபாத்திரக்காரராக, அதாவது திராட்சரசம் பரிமாறுபவராக, சூசான் அரமனையில் இருந்தவர். எருசலேமின் அலங்கம் (நகர மதில்) இடிந்து, வாசல்கள் எரிந்து கிடக்கிறது என்ற செய்தி அவருக்கு வருகிறது. அந்த நாள் தொடங்கி அலங்கம் கட்டி முடியும்வரை அவர் செய்ததை நம் வீட்டுக் காரியத்துக்கு எப்படிப் பொருத்துவது என்று சொல்கிறேன். என் உதாரணம் நகைக்கடன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக 5 பவுன் சங்கிலியை 1,20,000 ரூபாய்க்கு வங்கியில் வைத்திருந்தேன்.

படி 1: இலக்கை எழுதாதீர்கள், பாரத்தை எழுதுங்கள்

நெகேமியா செய்தியைக் கேட்டதும் திட்டம் போடவில்லை. உட்கார்ந்து அழுதார், உபவாசித்தார், ஜெபித்தார். கிஸ்லேயு மாதத்தில் (நவம்பர்-டிசம்பர்) தொடங்கியது, ராஜாவிடம் பேசியது நிசான் மாதத்தில் (மார்ச்-ஏப்ரல்). நடுவே ஏறக்குறைய நான்கு மாதம்.

முதல்முறை செய்பவர்களுக்கு இரண்டு வாரம் போதும். ஒரு நோட்டை எடுத்து, மனதை அழுத்துவது எதுவோ அதை ஒரே வரியில் எழுதித் தேதி போடுங்கள். காலையில் செல்போனைத் தொடும் முன் 15 நிமிடம் அந்த வரியை வைத்து ஜெபியுங்கள். பேசி முடித்ததும் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். அப்போது மனதில் திரும்பத் திரும்ப வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவசரப்பட்டு இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். சித்திரையில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குள் சங்கிலியை மீட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் ஜெபிக்க உட்கார்ந்தபோதெல்லாம் சங்கிலி நினைவுக்கு வரவில்லை. நாத்தனாரிடம் வாங்கிய 15,000 ரூபாய் கைமாற்றுதான் முன்னால் வந்து நின்றது. அவர் ஒருநாளும் கேட்டதில்லை, அதனாலேயே நான் மறந்திருந்தேன். முதலில் அதைக் கொடுத்தேன். சங்கிலி இல்லாமல்தான் கல்யாணத்துக்குப் போனேன். தேவனுடைய சித்தத்தைக் கேட்பது என்றால் இதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கேட்டபின் நம் இலக்கு மாறலாம். மாறுவதற்கு இடம் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

படி 2: இப்போது அளவோடு எழுதுங்கள்

"உனக்கு என்ன வேண்டும்?" என்று ராஜா கேட்கிறார். நெகேமியா பயப்படுகிறார், அந்த நொடியிலேயே பரலோகத்தின் தேவனை நோக்கி மனதுக்குள் ஜெபிக்கிறார், பிறகு கேட்கிறார். எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்கிறார், வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதங்கள் கேட்கிறார், மரம் வேண்டும் என்று ராஜாவின் வனக்காவலன் ஆசாப்புக்கும் ஒரு கடிதம் கேட்கிறார். அழுதுகொண்டிருந்தவரிடம் இந்தப் பட்டியல் எப்படி வந்தது? அந்த நான்கு மாத ஜெபத்தில் வந்தது என்றே நான் நம்புகிறேன்.

எவ்வளவு, எப்போதுக்குள், யாரிடம் கேட்க வேண்டும் என்ற மூன்றையும் எழுதுங்கள். நான் எழுதியது: அசலில் மாதம் 10,000, 12 மாதம், வட்டி தனி. பல வங்கிகளில் நகைக்கடன் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம், அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் வரிசையில் நிற்கும்போதே ஒரு வரி ஜெபியுங்கள், நெகேமியா செய்தது போல.

படி 3: இரவில் சுற்றிப் பாருங்கள்

ராஜாவின் அனுமதியோடு எருசலேமுக்கு வந்து மூன்று நாள் ஆனபின், யாரிடமும் சொல்லாமல் இரவில் போய் இடிபாடுகளைப் பார்த்தார் அவர். நீங்களும் யாரிடமும் அறிவிக்கும் முன் உங்கள் கணக்கை உள்ளபடி பாருங்கள். மளிகை, சீட்டு, மொய், எல்லாவற்றையும்.

படி 4: ஜெபமும் காவலும்

அலங்கம் கட்டுவதை எதிர்த்தவர்கள் கலகம் செய்ய வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கட்டுகிறவர்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார்கள். இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். இரண்டும் ஒரே வசனத்தில் வருகிறது (4:9). "ஜெபித்தாயிற்று, அவர் பார்த்துக்கொள்வார்" என்று காவல் வைக்காமல் இருப்பதை நாம் விசுவாசம் என்று சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காவல் வைத்தவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லையே.

நோட்டின் ஒரு பக்கத்தில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் "கேட்டது", வலப்பக்கம் "வைத்த காவல்". இடப்பக்கம் ஒரு வரி எழுதினால் வலப்பக்கம் ஒரு வரி இருக்க வேண்டும். "பண்டிகைச் செலவில் கை நீளாமல் காத்தருளும்" என்று நான் இடப்பக்கம் எழுதினேன். வலப்பக்கம்: சம்பளம் வந்த அன்றே, வீட்டுக்கு வரும் முன் வங்கியில் பணம் கட்டுவது. உடல் எடைக்காக ஜெபிப்பவர் என்றால் வலப்பக்கம் "இரவு எட்டு மணிக்கு மேல் சாப்பாடு இல்லை" என்று இருக்கலாம். வலப்பக்கம் எழுத எதுவுமே தோன்றாவிட்டால் அதையும் ஜெபத்தில் கேளுங்கள்.

படி 5: ஓனோவுக்குப் போகாதீர்கள்

ஓனோ பள்ளத்தாக்கில் சந்திக்கலாம் வா என்று எதிரிகள் நாலுதரம் ஆளனுப்பினார்கள். பெரிய வேலையைச் செய்கிறேன், வர முடியாது என்று நெகேமியா நாலுதரமும் அதே பதிலையே சொன்னார். எனக்குப் புதுச் சீட்டு ஒன்றில் சேரும்படி அழைப்பு வந்தது. நல்ல சீட்டுதான். இருந்தும், "இந்த வருஷம் வேண்டாம் அக்கா" என்று ஒரே பதில்.

படி 6: பாதியில் நின்றால்

எட்டு மாதம் ஒழுங்காகக் கட்டினேன். பிறகு அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு. இரண்டு மாதம் ஒரு ரூபாய்கூடக் கட்ட முடியவில்லை. தேவன் கைவிட்டுவிட்டாரோ என்று அழுத நாட்கள் அவை. அப்போது நாலாம் அதிகாரத்தை மறுபடி எடுத்தேன். அலங்கம் பாதி உயர்ந்திருந்த சமயத்தில், சுமைகாரரின் பெலன் குறைந்துபோகிறது, மண்மேடு மிச்சமிருக்கிறது என்று ஜனங்கள் சொல்கிறார்கள். நெகேமியா அலங்கத்தைக் கைவிடவில்லை. ஆட்களை நிறுத்தும் ஏற்பாட்டைத்தான் மாற்றினார். பாதிப் பேர் வேலை, பாதிப் பேர் ஈட்டி பிடித்துக் காவல்.

நானும் தொகையை 8,000 ஆக்கினேன். வருடம் முடிந்தபோது மீதி 24,000 ரூபாய்க்கு அடகை மாற்றி வைத்தேன். அவர்கள் அலங்கம் எலூல் மாதம் 25ஆம் தேதி, 52 நாளில் முடிந்தது. என் சங்கிலி 12 மாதத்துக்குப் பதில் 15 மாதத்தில் வந்தது.

உங்கள் காரியம் முடியும் நாளில், கொண்டாடும் முன் நோட்டை முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசியுங்கள். பதில் வந்த ஜெபங்களுக்கு எதிரே தேதி போடுங்கள். என் நோட்டில் முதல் தேதி, நாத்தனார் கையில் 15,000 ரூபாயைக் கொடுத்த நாள்.