உயிர்பிழைக்கும் கதை எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

காட்டிலோ பனியிலோ தனியாக மாட்டிக்கொண்ட மனிதன் எப்படிப் பிழைக்கிறான் என்று சொல்லும் கதைகள் தமிழில் இன்னும் நிறைய வர வேண்டும் என்பது என் ஆசை. இப்போது எழுத முயல்பவர்களின் கதைகளைப் படித்தால் பெரும்பாலும் இயற்கை ஒரு வில்லனாக வருகிறது. மூன்றாம் பக்கத்தில் ஓநாய்க் கூட்டம், ஐந்தாம் பக்கத்தில் பனிச்சரிவு, எட்டாம் பக்கத்தில் கரடி. பரபரப்புக்குக் குறைவில்லை, ஆனால் பயம் வருவதில்லை. வில்லனுக்கு ஒரு நோக்கம் இருக்கும். நோக்கம் உள்ளவனை ஏமாற்றலாம், பேரம் பேசலாம், அடித்து வீழ்த்தலாம். மைனஸ் 50 டிகிரி குளிருக்கு அங்கே ஒரு மனிதன் நிற்பதே தெரியாது. அவன் நல்லவனா, வீட்டில் குழந்தை காத்திருக்கிறதா என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இந்த வகைக் கதையின் பயம் அங்கேதான் இருக்கிறது. (ஓநாய்கள் மனிதரைத் தாக்குவது உண்மையில் மிக அபூர்வம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

இதை நன்றாகப் புரிந்துகொள்ள அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனின் 'டு பில்ட் எ ஃபயர்' கதையைப் பாருங்கள். 1908-ல் வெளிவந்தது. லண்டன் 1897-ல் தங்கம் தேடி கனடாவின் க்ளோண்டைக் பகுதிக்குப் போய், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயோடு மறுவருடம் திரும்பியவர். கதையில் ஒருவன் ஒரு நாயோடு நடந்து போகிறான். குளிர் மைனஸ் 75 ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய மைனஸ் 59 செல்சியஸ். பனிக்கு அடியில் மறைந்திருந்த தண்ணீரில் கால் இறங்கி, முழங்காலுக்குப் பாதி வரை நனைந்துவிடுகிறது. உடனே தீ மூட்டிக் காலைக் காயவைக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். மூட்டவும் செய்கிறான். ஆனால் சுள்ளி எடுக்க வசதியாக இருக்கிறதே என்று ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தடியிலேயே மூட்டிவிடுகிறான். ஒவ்வொரு சுள்ளியை இழுக்கும்போதும் மரம் லேசாக அசைகிறது. கிளைகளில் சேர்ந்திருந்த பனி ஒரு கட்டத்தில் மொத்தமாகச் சரிந்து தீயை மூடிவிடுகிறது.

மறுபடி தீ மூட்டுவதற்குள் விரல்கள் மரத்துப்போகின்றன. ஒற்றைத் தீக்குச்சியைப் பிரித்தெடுக்க முடியவில்லை. கடைசியில் 70 குச்சிகளையும் கட்டாக உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்துக் காலில் உரசுகிறான். குச்சிகள் பற்றிக்கொள்கின்றன. சதை கருகும் வாடை முதலில் வருகிறது, வலி அப்புறம்தான் உறைக்கிறது. நாயைக் கொன்று அதன் உடல் சூட்டில் கையை நுழைத்துக்கொள்ளலாம் என்று அதைக் கட்டிப் பிடிக்கிறான். கத்தியை உருவக் கை வரவில்லை.

யாருமே அவனைத் தாக்கவில்லை. நனைந்த காலும், சோம்பலில் தேர்ந்தெடுத்த இடமும், மடங்காத விரலும் சேர்ந்து அவனை முடிக்கின்றன. புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஆபத்தைப் பெரிதாகத் தேடுகிறார்கள். சின்ன இழப்பு ஒன்று அடுத்ததை இழுத்து வருவதை எழுதப் பொறுமை இருப்பதில்லை. உங்கள் கதையில் பனிச்சரிவு வரட்டும், தப்பில்லை. ஆனால் அது முடிந்த பிறகு கதாநாயகனின் ஒரு கையுறை காணாமல் போயிருக்க வேண்டும். அடுத்த பத்துப் பக்கங்களுக்கு அந்தக் கையுறைதான் கதை.

நம்மில் பெரும்பாலோர் உறைகுளிரை அனுபவித்ததில்லை. அதனால் குளிர் உடலை என்ன செய்யும் என்பதைப் படித்துத்தான் ஆக வேண்டும். உடலின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35-க்குக் கீழே இறங்கினாலே ஹைப்போதெர்மியா தொடங்கிவிடும். முதலில் கடுமையான நடுக்கம். அப்புறம் விரல் சொன்ன பேச்சு கேட்காது, நடை தடுமாறும், வாய் குழறும், காரணமில்லாத எரிச்சல் வரும். இன்னும் இறங்கினால் நடுக்கமே நின்றுவிடும். பார்ப்பவருக்கு ஆள் தேறிவிட்ட மாதிரி தெரியும், உண்மையில் அதுதான் மோசமான கட்டம். சாகும் தறுவாயில் சிலர் உடம்பு எரிகிறது என்று உடைகளைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அப்படியிருக்க, சாகப்போகும் கதாநாயகன் தெளிவான மூளையோடு இரண்டு பக்கத்துக்கு வாழ்க்கையைப் பற்றி யோசிப்பதை எப்படி நம்புவது? கதையைத் 'நான்' என்று அவனே சொல்கிறான் என்றால் வாக்கியங்களே சிதற வேண்டும். செய்து முடித்த வேலையை மறந்து மறுபடி செய்ய வேண்டும். அவன் எடுக்கும் தவறான முடிவு அவனுக்கு ரொம்ப நியாயமாகத் தெரிய வேண்டும். இன்னொன்று, இதற்கெல்லாம் பனி கட்டாயமில்லை. 10 டிகிரியில், மழையில் தொப்பலாக நனைந்து, காற்றில் ராத்திரி முழுக்கக் கிடந்தாலும் ஆள் செத்துப்போகலாம்.

கைவைத்தியத்தையும் கவனியுங்கள். ஒரு வாய் பிராந்தி குடித்தால் கதகதப்பாகத் தோன்றும், ஆனால் தோலுக்கு வரும் ரத்தம் கூடி உள்வெப்பம் வேகமாக வெளியேறும். தாகத்துக்குப் பனியை அள்ளித் தின்றால் அதை உருக்க உடம்பின் சூடுதான் செலவாகும். உறைந்த விரலைப் பனியால் தேய்த்தால் திசு கிழியும். 1812-ல் மாஸ்கோவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியன் படையின் மருத்துவர் டொமினிக் லாரி பரிந்துரைத்த முறை அது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் மருத்துவர்களே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனவே 19-ஆம் நூற்றாண்டுப் பாத்திரம் பனியால் தேய்ப்பது சரி. தேய்த்ததும் விரல் குணமாகிவிடுவதுதான் தவறு.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரே ஒரு தவறைச் சொல்கிறேன். பொறி வைத்து முயல் பிடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதிவிடுகிறார்கள். பனிக்கால முயலில் கொழுப்பு மிகக் குறைவு. அதை மட்டும் தின்றால் சில நாட்களில் தலைவலி, வயிற்றுப்போக்கு, எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி எல்லாம் வந்து ஆள் ஒடுங்கிப்போவான். வட துருவப் பகுதி மக்கள் கொழுப்பையும் எலும்பு மஜ்ஜையையும் அவ்வளவு மதிப்பதற்குக் காரணம் உண்டு.

அடுத்தது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. நான்காம் அத்தியாயத்தில் பட்ட காயம் ஐந்தாம் அத்தியாயத்தில் காணாமல் போய்விடுகிறது. உண்மையில் உடம்பின் இழப்பு கடைக்காரர் நோட்டில் ஏறும் பற்று மாதிரி, அடைக்கும்வரை அங்கேயே நிற்கும். துருவப் பயணி ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பலில் திருட்டுத்தனமாக ஏறிய இளைஞர் பெர்ஸ் பிளாக்பரோ. கப்பல் அண்டார்க்டிகாவின் பனிக்கடலில் நொறுங்கி மூழ்கிய பிறகு, 1916 ஏப்ரலில் எல்லோரும் சிறு படகுகளில் எலிஃபண்ட் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பயணத்தில் அவர் கால் உறைந்துபோனது. இடது கால் விரல்களை வெட்டி எடுத்தது ஜூன் மாதத்தில். கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகளுக்கு அடியில்தான் ஆட்கள் வாழ்ந்தார்கள். மயக்க மருந்தான குளோரோஃபார்ம் ஆவியாகும் அளவுக்கு அந்தக் குடிலை அடுப்பு எரித்துச் சூடாக்கிவிட்டு, மருத்துவர்கள் இருவரும் அறுவை செய்தார்கள். உறைந்ததற்கும் வெட்டியதற்கும் நடுவே இரண்டு மாதம். அந்த இரண்டு மாதம் அவர் படுத்திருந்த இடம், நாற்றம், பக்கத்தில் படுத்தவர்களின் முகம் இவையெல்லாம் எழுத வேண்டிய விஷயங்கள்.

ஆளே இல்லாத நிலம் என்று எழுதுவதும் பெரிய தவறு. க்ளோண்டைக்கில் 1896 ஆகஸ்டில் தங்கம் கண்டவர்களில் டாகிஷ் பழங்குடி இனத்தைச் சேர்ந்த கெய்ஷும் டாசன் சார்லியும் உண்டு. தங்க வேட்டைக்காரர்கள் ஏறிய சில்கூட் கணவாய் அதற்கு முன்பே ட்லிங்கிட் பழங்குடி மக்களின் வணிகப் பாதை. ஒரு வருடத்துக்கான உணவு இல்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று கனடா போலீஸ் சொல்லிவிட்டதால் ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன் சாமான் சேர்ந்தது. அந்தச் சுமையைக் கூலிக்குத் தூக்கியவர்களில் ட்லிங்கிட் மக்கள் நிறையப் பேர். கூலி கொடுக்க வசதியில்லாதவர்கள் ஒரே சரிவில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினார்கள். அதற்கும் முன்னால், 1535-36 குளிர்காலத்தில் இன்றைய கியூபெக் அருகே பிரெஞ்சு கடலோடி கார்ட்டியேயின் ஆட்கள் ஸ்கர்வியில் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தபோது, ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிக் காப்பாற்றியவர்கள் அந்த ஊர் இரோகுவா மொழிக் குடும்பப் பழங்குடி மக்கள். வெள்ளைக்காரக் கதாநாயகன் எல்லாவற்றையும் தானே கண்டுபிடிப்பது வரலாற்றுக்கே விரோதம். கதைக்கும் நஷ்டம், ஏனென்றால் தெரிந்தவரின் பேச்சைக் கேட்பதா வேண்டாமா என்பது அருமையான மோதல். லண்டனின் ஆளிடமும் ஒரு கிழவர் தனியாகப் போகாதே என்று எச்சரித்திருந்தார்.

கடைசியாக, முடிவு. ஹெலிகாப்டர் திடீரென்று வந்து தூக்கிக்கொண்டு போனால் அதுவரை படித்தவர் ஏமாந்துபோவார். அதற்காக எல்லோரும் சாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. லண்டனே இதே கதையை 1902-ல் இளைஞர் பத்திரிகைக்கு எழுதியபோது ஆள் பிழைத்துக்கொள்கிறான். பிழைப்பதற்கான காரணம் முன்பக்கங்களில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1971 டிசம்பர் 24 அன்று பெரு நாட்டு மழைக்காட்டின் மேல் விமானம் உடைந்து, 17 வயது யூலியானே கெப்கே இருக்கையோடு கீழே விழுந்தார். விழுந்து பிழைத்தது அதிர்ஷ்டம். அதற்குப் பிறகு நடந்தது வேறு. பெற்றோர் இருவரும் உயிரியலாளர்கள், காட்டு ஆய்வு நிலையத்தில் அவர்களோடு வாழ்ந்த பெண். ஓடையைப் பிடித்துக்கொண்டு போனால் ஆறு வரும், ஆற்றங்கரையில் மனிதர்கள் இருப்பார்கள் என்று அப்பா சொன்னது நினைவில் இருந்தது. மூக்குக்கண்ணாடி தொலைந்து பார்வை சரியாகத் தெரியாததால், காலில் மிஞ்சிய ஒற்றைச் செருப்பை முன்னால் வைத்து வைத்து நடந்தார். கைக் காயத்தில் புழு வைத்தது. ஆற்றங்கரையில் ஒரு படகைக் கண்டதும் அதன் பெட்ரோலைக் காயத்தில் ஊற்றினார், வீட்டு நாய்க்கு அப்பா மண்ணெண்ணெய் ஊற்றிப் புழு எடுத்ததைப் பார்த்திருந்ததால். 11-ஆம் நாள் காட்டுத் தொழிலாளர்கள் அவரைக் கண்டார்கள். இதைக் கதையாக எழுதினால், அந்த நாய் முதல் அத்தியாயத்திலேயே வந்திருக்க வேண்டும்.