உண்மை பேசக் குழந்தையைப் பழக்குவது எப்படி?

நற்பண்புகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் கற்பிக்க முற்பட்டால் எதுவும் நிலைக்காது. ஆகவே, புதிதாகத் தொடங்கும் பெற்றோர் ஒரு பண்பை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. என் தேர்வு உண்மை பேசுதல். செய்த தவற்றைப் பிள்ளை நம்மிடம் சொல்லத் துணிந்தால்தான் மற்றப் பண்புகளைப் பற்றிப் பேசுவதற்கே வாய்ப்புக் கிடைக்கிறது.

படி 1: வயதை அறிந்துகொள்ளுங்கள்

இரண்டு, மூன்று வயதிலேயே குழந்தைகள் சிறு பொய்களைச் சொல்லத் தொடங்குகின்றனர். தனக்குத் தெரிந்தது பிறருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது புரியத் தொடங்கியதன் விளைவு அது; கெட்ட குணத்தின் அடையாளம் அன்று. "கட்டிலுக்கு அடியில் புலி இருக்கிறது" என்பது பொய்யும் அன்று. "இது கதையா, நடந்ததா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டால் போதும்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட ஆய்வில், தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்த சிறுவனையும், திருட்டுத்தனமாகத் தின்பண்டம் எடுக்கும்போது ஒரே கோப்பையை உடைத்த சிறுவனையும் ஒப்பிடச் சொன்னபோது, இளங்குழந்தைகள் பலர் முதலாமவனையே பெரிய குற்றவாளி என்றனர். கைதவறி உடைத்த குழந்தையும் ஏன் நடுங்குகிறது என்பது இதிலிருந்து ஓரளவு விளங்கும்.

படி 2: உங்கள் பேச்சைத் திருத்துங்கள்

"ஊசி வலிக்கவே வலிக்காது", "நான் வீட்டில் இல்லை என்று சொல்" போன்றவற்றை முதலில் நிறுத்துங்கள். கலிபோர்னியாவில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர் தம்மிடம் பொய் சொன்னதை அறிந்த பள்ளி வயதுக் குழந்தைகள், மற்றவர்களைவிட அதிகமாக விதியை மீறியதோடு அதை மறைக்கவும் செய்தனர்.

படி 3: விடை தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள்

பெரும்பாலான வீடுகளில் பொய் பிறக்கும் இடம் இதுதான் என்பது என் கருத்து. கையில் வண்ணக்குச்சியுடன் நிற்கும் குழந்தையிடம் "சுவரில் கிறுக்கியது யார்?" என்று உரத்த குரலில் கேட்கும்போது, நாம் விடையைத் தேடவில்லை, தப்பிக்க ஒரு வழியைத் திறந்துவைத்து, அதில் குழந்தை நுழைந்ததும் பிடித்துக்கொள்கிறோம். அதற்குப் பதிலாகக் கண்டதைச் சொல்லுங்கள்: "சுவரில் கிறுக்கியிருக்கிறாய். துணியை எடுத்து வா, சேர்ந்து துடைப்போம்." பொய் சொல்லத் தேவையே எழுவதில்லை; செய்ததைச் சரிசெய்யும் பொறுப்பு மட்டும் எஞ்சுகிறது.

உண்மையிலேயே விடை தெரியாதபோது, குரலைத் தாழ்த்தி, "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். "யார்" என்பதைவிட "என்ன" என்ற கேள்வி குழந்தையின் அச்சத்தைக் குறைக்கும்.

படி 4: உண்மை வந்தவுடன் முதல் வாக்கியத்தைக் கவனியுங்கள்

"நீயே வந்து சொன்னது நல்லது" என்பது முதலில் வரட்டும். விளைவைப் பற்றிய பேச்சு அதன் பிறகு. விளைவே கூடாது என்று நான் சொல்லவில்லை: கொட்டியதைத் துடைக்க வேண்டும், தம்பியின் பொம்மையை உடைத்திருந்தால் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால், "உண்மையைச் சொன்னால் அடிக்க மாட்டேன்" என்று வாக்களித்துவிட்டு அடித்தால், அடுத்த முறை அந்த வாக்கைக் குழந்தை நம்பாது. குழந்தை ஒப்புக்கொண்டதை உறவினர் முன் வேடிக்கைக் கதையாகச் சொல்வதும் ஏறத்தாழ அதே தீங்கைச் செய்யும்.

படி 5: கதைகளைத் தேர்ந்தெடுங்கள்

பொய்யர் தண்டனை பெறும் கதைகளையே நாம் மிகுதியாகச் சொல்கிறோம். 3 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில், அவ்வகைக் கதைகள் நேர்மையைக் கூட்டவில்லை. உண்மையை ஒப்புக்கொண்ட சிறுவன் பாராட்டுப் பெறும் கதையே பலன் தந்தது.

படி 6: பொய் மீண்டும் வந்தால்

தனியே அழைத்துச் சுருக்கமாகப் பேசுங்கள். "பொய்யன்" என்று பட்டம் சூட்டாதீர்கள். ஒரே விஷயத்தில் பொய் திரும்பத் திரும்ப வருமானால், குறிப்பாக மதிப்பெண் அல்லது வீட்டுப்பாடம் பற்றியதானால், அந்தப் பாடம் குழந்தைக்குக் கடினமாக இருக்கிறதா, உங்கள் எதிர்பார்ப்பு அதன் திறனை மீறியிருக்கிறதா என்று ஆராய்ந்துவிட்டு, அதன் பிறகு பொய்யைப் பற்றிப் பேசுங்கள்.