நின்றுபோன இயங்குதளத்தை மீண்டும் எழுதுவதற்கு முன்

திட்டக் கோப்பைத் திறந்ததும், எந்தப் பதிப்பை மறுபடி உருவாக்கப் போகிறீர்கள் என்பதை எண்ணோடு எழுதிவிடுங்கள். 2001இல் பீ நிறுவனத்தின் சொத்துகளைப் பாம் நிறுவனம் வாங்கிக்கொண்டபோது, பீ உருவாக்கிய பீஓஎஸ் இயங்குதளம் அநாதையானது. அதே ஆண்டில் ஓபன்பீஓஎஸ் என்று கிளம்பிய குழு, பீஓஎஸ்ஸின் 5ஆம் வெளியீட்டோடு ஒத்துப்போவதே இலக்கு என்று வேலி போட்டுக்கொண்டது. அந்த வேலிக்குள் நின்றும் முதல் ஆல்ஃபா (தொடக்கநிலைச் சோதனை வெளியீடு) 2009இல்தான் வந்தது. அடுத்த நிலையான முதல் பீட்டாவுக்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாறாக, விண்டோஸ் 95ஐ மறுபடி எழுத 1996இல் ஃப்ரீவின்95 என்று தொடங்கியவர்கள் வடிவமைப்பைப் பற்றிப் பேசிப் பேசியே காலத்தைக் கடத்தினார்கள். வெளியிட ஒன்றும் இல்லாமல் போய், 1998இல் விண்டோஸ் என்டியை இலக்காக வைத்துக்கொண்டு ரியாக்ட்ஓஎஸ் என்ற பெயரில் மறுபடி எழுந்தார்கள்.

"பழையதை ஏன் அப்படியே எழுத வேண்டும், இன்னும் நன்றாகச் செய்யலாமே" என்பவர் எல்லாக் குழுவிலும் முளைப்பார். பெரும்பாலும் அவர்தான் இருப்பவர்களில் கெட்டிக்காரராகவும் இருப்பார், அதுதான் தொல்லை. அவரை விரட்டாதீர்கள், இரண்டாம் பதிப்புக்கென்று தனியாக ஓர் இடம் ஒதுக்கிக் கொடுங்கள். ஓபன்பீஓஎஸ் குழு இதற்காகவே 'கிளாஸ் எலிவேட்டர்' என்று ஒரு துணைத் திட்டம் வைத்திருந்தது. நல்ல ஏற்பாடு என்பேன்.

அடுத்தது, 'ஒத்துப்போவது' என்றால் எந்த அளவுக்கு? பழைய செயலியின் மூலநிரலைப் புதிதாகக் கம்பைல் செய்தால், அதாவது இயந்திர மொழிக்கு மாற்றினால், ஓட வேண்டுமா, அல்லது அன்றைய குறுவட்டில் ஏற்கெனவே இயந்திர மொழியில் இருக்கும் பைனரியே அப்படியே ஓட வேண்டுமா? இரண்டாவதுக்கு ஆசைப்படுகிறவர்கள் விலையைக் கேட்டுவிட்டு ஆசைப்படட்டும். பீஓஎஸ் செயலிகள் சி++ மொழியில், பழைய ஜிசிசி கம்பைலரால் உருவானவை. ஜிசிசி 3 வந்தபோது சி++ பைனரி அமைப்பே மாறிவிட்டது. அதனால் ஓபன்பீஓஎஸ் குழுவின் 32 பிட் பதிப்பு இன்றும் 2.95 வரிசைக் கம்பைலரையும் புதியதையும் சேர்த்தே சுமக்கிறது. கம்பைலரோடும் முடிவதில்லை. சி++ வகுப்பு (class) ஒன்றின் பொருள் (object) நினைவகத்தில் எத்தனை பைட் பிடிக்கிறது, மெய்நிகர் செயற்கூறுகள் (எதை அழைப்பது என்று ஓடும்போதே முடிவாகும் செயற்கூறுகள்) அட்டவணையில் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதுவரை பழையதோடு பொருந்தியாக வேண்டும். உள்ளே நீங்கள் எவ்வளவு அழகாகத் திருத்தி எழுதினாலும் வெளிச்சுவர் ஓர் அங்குலம் நகரக் கூடாது. அவர்களின் 64 பிட் பதிப்பு இந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டது.

முடிவெடுக்க ஒரு வழி இருக்கிறது. அந்த இயங்குதளத்துக்காக மக்கள் இன்னும் ஏங்கும் செயலிகளைப் பட்டியலிடுங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றின் மூலநிரல் கிடைக்குமானால் பைனரிப் பொருத்தத்தைத் தயங்காமல் கைவிடுங்கள். பட்டியலே நிரம்பவில்லை என்றால், திட்டம் தேவைதானா என்று யோசிக்கவும் அதுவே தருணம்.

பிறகு வேலையைத் துண்டாக்குவது. பழைய அமைப்பு தனித்தனிச் சேவைகளாகப் பிரிந்திருந்தால் நீங்கள் பாக்கியசாலி: ஒவ்வொரு துண்டையும் எழுதி, அசல் இயங்குதளத்துக்குள்ளேயே பொருத்திச் சோதிக்கலாம். இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் முடியும்வரை மற்றவர்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. எழுதுமுன் எது ஏற்கெனவே திறந்த மூலமாக இருக்கிறது என்று தேடுங்கள். பீ நிறுவனமே தன் கோப்பு மேலாளரான டிராக்கரின் மூலநிரலை வெளியிட்டிருந்தது. கெர்னலுக்கு, அங்கே முன்பு பணியாற்றிய ஒருவர் எழுதிய நியூஓஎஸ் அடித்தளமாயிற்று. பிணைய அட்டைகளுக்கு, ஃப்ரீபிஎஸ்டி என்ற திறந்த மூல இயங்குதளத்தின் டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் நிரல்களை) ஓர் இணக்க அடுக்கின் மீது ஓட்டினார்கள். டிரைவர்களைச் சொந்தமாக எழுதித் தீர்ப்போம் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் தயவுசெய்து இப்போதே விட்டுவிடுங்கள்.

சோதனைதான் எனக்குப் பிடித்த பகுதி. நான் கோப்பு முறைமைக்காரன். ஆவணம் ஒன்று சொல்லும், அசல் இயங்குதளம் வேறொன்று செய்யும். இருக்கும் கோப்பின் பெயரையே இன்னொன்றுக்குச் சூட்டினால் எந்தப் பிழை எண் திரும்புகிறது, கோப்புப் பெயர் நீள வரம்பைத் தாண்டினால் மறுக்கிறதா, வெட்டிவிடுகிறதா என்பன போன்ற அற்பக் கேள்விகளுக்குச் சின்னச் சின்ன நிரல்கள் எழுதி, அசலில் ஓட்டி, விடைகளைப் பதிந்துவையுங்கள். அதே நிரல்கள் உங்கள் பதிப்பிலும் அதே விடை தர வேண்டும். ஆவணமும் நடத்தையும் மோதினால் நடத்தைக்கே வெற்றி, அது வெளிப்படையான பிழையாக இருந்தாலும். ஏனென்றால் ஏதோ ஒரு செயலி அந்தப் பிழையை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கும். இதற்கு அசல் கையில் இருக்க வேண்டும். நிறுவல் வட்டுகளை இன்றே படிமமாக (முழு வட்டின் நகலாக) எடுத்து, நகல் கெட்டுவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்புத் தொகையோடு இரண்டு இடங்களில் சேமியுங்கள். பழைய வட்டுகள் உங்கள் திட்டம் முடியும்வரை பொறுத்திருக்கப் போவதில்லை.

சட்டத்தில் ஒரே பிடிவாதம் போதும்: கசிந்த மூலநிரலைப் பார்த்தவர் அந்தப் பகுதியில் ஒரு வரிகூட எழுதக் கூடாது. 2006இல் ரியாக்ட்ஓஎஸ்ஸில் விண்டோஸ் நிரல் கலந்திருக்கிறதோ என்ற சந்தேகம் கிளம்பியதும் நிரல் முழுவதையும் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டிவந்தது. எதிர்ப்பொறியியல் (முடிந்த நிரலைப் பிரித்து ஆராய்ந்து அது இயங்கும் விதத்தைக் கண்டுபிடிப்பது) தேவைப்படும் இடங்களில் ஒருவர் ஆராய்ந்து விவரக்குறிப்பு எழுதட்டும், நிரலை இன்னொருவர் எழுதட்டும். இதில் எதற்கு எவ்வளவு அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஒரு வழக்கறிஞரை முன்பே கேட்டுவிடுங்கள். பெயரிலும் பழைய வணிகக்குறி ஒட்டியிருக்க வேண்டாம். ஓபன்பீஓஎஸ் 2004இல் ஹைக்கூ ஆனது அதனால்தான். உரிமத்தை முதல் வாரத்திலேயே முடிவு செய்யுங்கள். நூறு பேர் பங்களித்த பிறகு அதை மாற்ற நூறு பேரையும் தேடிப் பிடிக்க வேண்டும்.

முதல் வெளியீட்டுக்கு நிறுவும் கருவி, அச்சுப்பொறி, ஒலி எதுவும் வேண்டாம். மெய்நிகர் கணினியில் துவங்கி, உங்கள் பட்டியலில் உள்ள ஒரு செயலியைத் திறந்து, ஒரு கோப்பைச் சேமித்து, மறுபடி துவக்கினால் அந்தக் கோப்பு அங்கே இருக்கும் படிமம் ஒன்று போதும். அதை வெளியிட்டுவிட்டு, தெரிந்தே விட்டுவைத்த குறைகளின் பட்டியலையும் கூடவே போடுங்கள். புதிதாக வருகிறவர்கள் அதிலிருந்து தங்கள் வேலையை எடுத்துக்கொள்வார்கள்.