இன்டர்னல் 25-ல் தொடங்கும் வம்பு: புதிய மதிப்பீட்டு விதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லைப் பக்கம் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. இணைப்புக் கல்லூரிகளுக்கு அபிஷேகப்பட்டியில் இருக்கிற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் விதி. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்களே வகுத்துக்கொள்ளலாம். விதியை யார் எழுதினாலும் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். நோக்கம், இலக்கு, கற்றல் விளைவு என்று முன்னுரை பல பக்கம் ஓடும். பையன் டெஸ்ட் அன்றைக்கு வராவிட்டால் என்ன கணக்கு என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது.

ஒரு மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்ப்போம். இன்டர்னல், அதாவது கல்லூரிக்குள்ளேயே போடுகிற மதிப்பெண், 25. எக்ஸ்டர்னல், அதாவது செமஸ்டர் தேர்வு, 75. இன்டர்னலில் டெஸ்டுக்கு 20, அசைன்மென்டுக்கு 5. தலா 50 மதிப்பெண்ணுக்கு மூன்று டெஸ்ட். ஒரு மாணவி முதல் டெஸ்டில் 31 வாங்குகிறாள், இரண்டாவதற்கு வரவில்லை, மூன்றாவதில் 38. ‘மூன்றில் சிறந்த இரண்டின் சராசரி’ என்று விதி இருந்தால் 34.5, அதை 20-க்கு மாற்றினால் 13.8. வெறுமனே ‘டெஸ்டுகளின் சராசரி’ என்று எழுதி வைத்திருந்தால், ஒரு துறை மூன்றால் வகுத்து 23 என்று போடும். அப்போது கிடைப்பது 9.2. அதே மாணவிக்கு 4.6 மதிப்பெண் வித்தியாசம். இரண்டு துறைகளுமே விதிப்படி செய்ததாகத்தான் சொல்லும், அதில் பொய்யும் இல்லை.

முழு எண்ணாக்குவதும் அப்படித்தான். டெஸ்டுக்கு 13.4, அசைன்மென்டுக்கு 4.4 என்றால், தனித்தனியாக முழு எண்ணாக்கிக் கூட்டினால் 17. கூட்டிவிட்டு ஆக்கினால் 18. எந்தக் கட்டத்தில் என்பதை விதியில் எழுத ஒரு வரி போதும்.

இதைவிடப் பெரிய கோளாறு, இன்டர்னலுக்கும் குறைந்தபட்ச மதிப்பெண் வைப்பது. எக்ஸ்டர்னலில் 75-க்கு 30 வேண்டும், மொத்தத்தில் 40 வேண்டும் என்பது பலருக்கும் பழகிய கணக்கு. அதோடு இன்டர்னலில் 10 எடுத்தே ஆக வேண்டும் என்று சேர்த்தால் ஒழுங்கு வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். இன்டர்னலில் 8, எக்ஸ்டர்னலில் 60 வாங்கினவன் ஃபெயில். எக்ஸ்டர்னலை அரியராகத் திரும்ப எழுதலாம். இன்டர்னலை எப்படி எழுதுவான்? அந்த வகுப்பு முடிந்துவிட்டது, பாடம் எடுத்த ஆசிரியர் வேறு கல்லூரிக்குப் போயிருப்பார். இன்டர்னலைச் சரிசெய்ய வழி வைக்க முடியாது என்றால் குறைந்தபட்சமும் வைக்காதீர்கள் என்பதே என் கருத்து.

அப்புறம், மதிப்பெண்ணை மாணவர்களுக்குக் காட்டாமலே மேலே அனுப்பிவிடுகிற பழக்கம். நோட்டீஸ் போர்டில் ஒட்டி, கையெழுத்து வாங்கி, குறை சொல்ல நாலைந்து வேலைநாள் கொடுத்த பிறகுதான் தேர்வாணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். குறையைக் கேட்பவர் மதிப்பெண் போட்ட ஆசிரியராகவே இருக்கக் கூடாது. முறையிட இடமில்லை என்றால் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு போய்விடும். அதைத் திருப்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேறு பல்கலைக்கழகத்து விதியைப் பெயரை மட்டும் மாற்றி எடுத்துப் போடுவதும் இங்கே சகஜம். ஊர்க்கதை அதில் இருக்காது. காலை ஒன்பதரைக்கு டெஸ்ட் என்றால் திசையன்விளையிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் வருகிற பிள்ளை எந்த பஸ்ஸைப் பிடிக்கும்? தாமதமாக வந்தால் எத்தனை நிமிடம் வரை உள்ளே விடலாம் என்பது கண்காணிப்பாளரின் மனநிலையைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. ஊர்க் கோயில் கொடை விழாவுக்குப் போனதை லீவாக எடுத்துக்கொள்வதா என்பதில் ஆளுக்கொரு நியாயம் சொல்வார்கள். என்னைக் கேட்டால், டெஸ்ட் தேதிகளை செமஸ்டர் தொடங்கும்போதே அறிவித்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மழை மட்டும் நம் அட்டவணையைக் கேட்டு வராது. ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வு நவம்பர், டிசம்பரில்தான் வருகிறது, வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணிக் கரையோர ஊர்கள் தண்ணீரில் நின்றன. அந்த மாதிரி நாளில் தேர்வைத் தள்ளி வைப்பது யார், புத்தகமும் ஹால் டிக்கெட்டும் ஆற்றோடு போனவருக்கு என்ன வழி என்பதை வெயில் காலத்திலேயே எழுதி வைக்க வேண்டும். அவசரத்தில் எடுத்த முடிவு என்ன ஆகும் என்பதற்கு கொரோனா காலத்து 2020 அரியர் விவகாரமே சாட்சி. அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியவர்களுக்குத் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்தது, யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஏற்கவில்லை, வழக்கு உயர் நீதிமன்றம் போனது, கடைசியில் தேர்வு எழுதத்தான் வேண்டியிருந்தது.

கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் கே1 (நினைவுகூர்தல்), கே4 (பகுப்பாய்வு) என்று சிந்தனைப் படிநிலை போடுவதைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. ‘விளக்குக’ என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் கே4 போட்டால் அது பகுப்பாய்வு ஆகிவிடாது, அவ்வளவுதான். அசைன்மென்டும் கிட்டத்தட்ட அந்த நிலைக்கு வந்துவிட்டது. சாட்ஜிபிடி எழுதித் தருகிற காலத்தில் வீட்டிலிருந்து கொண்டுவருகிற பத்துப் பக்கத்துக்கு எல்லோருக்கும் ஐந்துக்கு ஐந்து போடுவதைவிட, வகுப்பிலேயே பத்து நிமிடம் வாய்மொழியாகக் கேட்டுவிடலாம்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு மணிக்கு 20 நிமிடம் வீதம், மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தர வேண்டும். பெரும்பாலும் இது செமஸ்டர் தேர்வுக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது, டெஸ்டுக்கு மறந்துவிடுகிறது. மாணவர் சொல்லச் சொல்ல விடை எழுதித் தரும் பதிலி எழுத்தரை ஏற்பாடு செய்வது யார் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

கடைசியாக, பழைய அரியர்காரர்கள். புதிய விதி இந்த ஆண்டு சேர்கிறவர்களுக்கு என்று போட்டுவிட்டு, பழைய பாடத்திட்டத்தில் இரண்டு பேப்பர் பாக்கி வைத்திருப்பவரை அப்படியே விட்டுவிடுகிறோம். எத்தனை ஆண்டு வரை பழைய கேள்வித்தாள் வரும், அதற்குப் பிறகு எந்தப் பேப்பருக்கு எது ஈடு என்ற பட்டியலும் விதியோடு சேர்ந்தே கல்விக்குழுவின் மேசைக்குப் போக வேண்டும்.